சன்னியை மாற்றவா, கடனை முடிக்கவா?

கேள்வி (கடிதத்தின் சுருக்கம்):

ஐயா, நான் ஆரையம்பதியில் இருக்கிறேன். வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். கணவருக்கு மட்டக்களப்பு நகரில் அரச அலுவலகத்தில் வேலை. இரண்டு பிள்ளைகள், மூத்தவளுக்குப் பன்னிரண்டு வயது. அம்மாவும் எங்களோடுதான், மாதத்தில் இரண்டு தரம் அவரைப் போதனா வைத்தியசாலைக்கு கிளினிக் கூட்டிப் போக வேண்டும்.

எங்களிடம் 2001 ஆம் ஆண்டுத் தயாரிப்பு நிசான் சன்னி, எப்.பி. 15 இருக்கிறது. 2015 இல் 17 இலட்சத்துக்கு வாங்கினோம். போன வருடம் மட்டும் அதற்கு 187,000 ரூபா போய்விட்டது: ரேடியேற்றர் 38,000, முன் சஸ்பென்ஷன் 46,000, ஏ.சி. கொம்பிரசர் 62,000, இரண்டு ரயர் 41,000. ஒரு கல்யாணத்துக்குப் போகும்போது கல்லடிப் பாலத்தில் ஆவி கக்கிக்கொண்டு நின்றது. சொந்தக்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டு போனார்கள். அன்றிலிருந்து கணவர் அதைச் 'சனி' என்றுதான் சொல்கிறார்.

2015 வேகன்ஆர் ஒன்று 52 இலட்சத்துக்கு வந்திருக்கிறது. சன்னிக்கு 28 இலட்சம் கேட்டு ஆள் இருக்கிறது. கணவரின் தம்பி 2 இலட்சம் தந்து, பிணையும் நிற்பார். மிச்சம் 22 இலட்சத்துக்கு லீசிங். "வட்டி 8.5 வீதம்தான், 5 வருடம், மாதம் 52,250" என்கிறார்கள். காப்புறுதி வருடம் 118,000.

கடன்கள்: வீட்டுக் கடன் மீதி 18 இலட்சம் (12.5 வீதம், மாதம் 31,500). கிரெடிட் கார்ட் 340,000 (26 வீதம், மாதம் 17,000 கட்டுகிறோம்). நகை மூன்று சிட்டையில் 6 இலட்சத்துக்கு அடைவு (15 வீதம்). இதைவிட மாதம் 10,000 ரூபா சீட்டு, 20 பேர், 11 முடிந்துவிட்டது, எனக்கு 15 ஆவது. பின்னேர வகுப்புக் காசும் சேர்த்து இருவருக்கும் கைக்கு வருவது 165,000. கராஜுக்கும் பெற்றோலுக்கும் கொடுக்கிற காசே தவணையைக் கட்டிவிடும் என்கிறார் கணவர். விலை விழமுதல் விற்கவேண்டும் என்றும் சொல்கிறார். என்ன செய்யலாம்?

பதில்:

ரீச்சர், காரைப் பற்றிப் பேசமுதல் அந்த 8.5 வீதத்தைப் பிரித்துப் பார்த்துவிடுவோம்.

வங்கியில் கடன் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்தவன் நான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து இப்படி வீதம் சொன்னவர்களில் நானும் ஒருவன் என்பதால் அதன் குணம் தெரியும். 22 இலட்சத்துக்கு 8.5 வீதம் என்றால் வருடத்துக்கு 187,000. ஐந்து வருடத்துக்கு 935,000. அதை 22 இலட்சத்தோடு கூட்டி 60 ஆல் பிரியுங்கள், 52,250 வரும். நீங்கள் மாதாமாதம் முதலைக் கட்டிக் குறைத்துக்கொண்டு வருவீர்கள். வட்டி மட்டும் கடைசி மாதம் வரைக்கும் முழு 22 இலட்சத்துக்கும் ஓடும். உங்கள் வீட்டுக் கடனைப் போல, மீதிக்கு மட்டும் வட்டி என்று பார்த்தால் இது ஏறக்குறைய 15 வீதக் கடன். நகை அடைவும் இதுவும் ஒரே வட்டிதான். இனி யார் வீதம் சொன்னாலும், "நிலையான வட்டியா, குறைந்து செல்லும் மீதிக்கு வட்டியா?" என்று கேளுங்கள். கேட்டவுடன் பேச்சின் தொனியே மாறும்.

இன்னொன்றைக் கவனித்தீர்களா? அந்த வருட வட்டியும் 187,000, போன வருடம் சன்னி விழுங்கியதும் 187,000. லீசிங் எடுத்தால் சன்னியின் மிக மோசமான வருடத்தை ஐந்து தரம் அடுத்தடுத்து அனுபவிக்கப்போகிறீர்கள், ஓர் ஆணிகூட மாற்றாமல். ஏழரைச் சனியாவது கடைசியில் ஏதாவது கொடுத்துவிட்டுப் போகும் என்பார்கள்.

சரி, கணவரின் கணக்குக்கு வருவோம். அது முழுக்கப் பிழையில்லை. மாதம் சுமார் 900 கிலோமீற்றர் ஓடுவதாக எழுதியிருக்கிறீர்கள். சன்னி லீற்றருக்கு 10, வேகன்ஆர் 18 என்று வைப்போம். லீற்றர் 300 ரூபா என்றால் 27,000 ரூபாப் பெற்றோல் 15,000 ஆகும். மிச்சம் 12,000. திருத்தச் செலவு போன வருடக் கணக்கில் மாதம் 15,600. பத்து வருடம் தாண்டிய வேகன்ஆருக்கும் 6,000 ஆவது ஒதுக்கத்தான் வேண்டும். அங்கே 9,600. இரண்டும் சேர்த்து 21,600 மிச்சம். எதிர்ப்பக்கத்தில் தவணை 52,250, அதோடு லீசிங்காரர் கட்டாயப்படுத்தும் முழுக் காப்புறுதி மாதத்துக்கு 9,800, ஆக 62,000. கணவர் சொல்லும் காசு அந்த 62,000 இல் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைத்தான் கட்டும்.

இதை அடுப்படிக்குக் கொண்டுவந்து பாருங்கள். கடன், வட்டி, சீட்டு எல்லாம் மாதம் 66,000. மிச்சம் 99,000. இன்றைக்கு அதில் பெற்றோலும் கராஜும் போக 56,400 ரூபாவில் ஐந்து பேர் சாப்பிட்டு, ரியூஷன் காசு கட்டி, அம்மாவின் மருந்தும் வாங்குகிறீர்கள். வேகன்ஆர் வந்தால் அந்த 56,400 சரியாக 16,000 ஆகும். அரச சம்பள உயர்வின் கடைசிக் கட்டம் 2027 ஜனவரியில் வரும் என்று கணவர் சொல்லக்கூடும். வரட்டும். அது 40,000 ரூபா இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

விலை விழும் என்பது நியாயமான பயம்தான். 17 இலட்சத்துக்கு வாங்கிய கார் பத்து வருடம் ஓடிய பிறகு 28 இலட்சத்துக்குப் போவது உலகத்தில் எங்கும் நடக்காத கூத்து. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருட வரட்சியில் ஊறிய விலை இது. இனி இறங்கலாம். ஆனால் இறங்கினால் சன்னி மட்டுமா இறங்கும்? 52 இலட்சக் காரும் சேர்ந்துதான் இறங்கும், அதுவும் கூடுதலாக. சன்னியில் 3 இலட்சம் போனால் மனவருத்தம். வேகன்ஆரில் 10 இலட்சம் போனால், இல்லாத பெறுமதிக்கு நீங்கள் மாதாமாதம் தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2018 இல் நானே ஒரு ஹைபிரிட் கார் லீசிங்கில் எடுத்தேன். ஊருக்கெல்லாம் புத்தி சொல்பவன். விற்ற இடத்தில் பற்றரிக்குக் குறைந்தது ஐந்து வருடம் என்றார்கள். இரண்டாம் வருடமே போய்விட்டது, போய்க் கேட்டால் ஆளுக்கு ஆள் கையைக் காட்டினார்கள். பிறகு 2022. பெற்றோல் 470 ரூபா, எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூ.ஆர். வந்த பிறகும் காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். கார் கொட்டிலில் நிற்க, நான் சைக்கிளில் வங்கிக்குப் போய் அதற்குத் தவணை கட்டினேன். அந்த நேரம் சொந்தமாக ஒரு பழைய காரை வைத்திருந்தவன் அதைத் துணி போட்டு மூடிவிட்டு நித்திரை கொண்டான்.

இனி உங்கள் காருக்கு வருவோம். 187,000 என்று ஒரே தொகையாகப் பார்க்காதீர்கள். ரயர் எந்தக் காருக்கும் தேயும். கொம்பிரசரும் சஸ்பென்ஷனும் போன வருடம் மாற்றியதால் கொஞ்சக் காலம் தொல்லை தராது. அந்தக் காசைக் கொட்டிவிட்டு இப்போது விற்பது, உழுது விதைத்து முடித்துவிட்டு வயலைக் குத்தகைக்குக் கொடுக்கிற மாதிரி.

ரேடியேற்றர் ஏன் போனது என்று கராஜில் கேட்டீர்களா? என் ஊகம், கிணற்றுத் தண்ணீர். ஆரையம்பதியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. அந்தத் தண்ணீரை ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து குழாய் அடைக்கும், உலோகத்தையும் அரிக்கும். கூலன்ற் ஒரு கான் சில ஆயிரம்தான். கல்லடிப் பாலத்தில் உங்கள் மானத்தை வாங்கியது காரின் வயது இல்லை, வாளித் தண்ணீராக இருக்கலாம்.

எஞ்சினைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. இந்தச் சன்னியின் எஞ்சினுக்கு ரைமிங் பெல்ற் இல்லை, செயின். நேரத்துக்கு ஒயில் மாற்றினால் நீண்ட காலம் ஓடும். இந்த வருடப் புகைப் பரிசோதனை முதல் தடவையிலேயே பாஸ் என்றும் எழுதியிருக்கிறீர்கள். கடற்கரையில் எஞ்சினுக்கு முதல் சாவது தகரம். ஆகவே ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு வேலை செய்யுங்கள். சாரதி ஆசனத்துக்கு முன்னால் காலடியில் உள்ள ரப்பர் விரிப்பை எடுத்து, அதற்குக் கீழே ஒட்டியிருக்கும் கம்பளத்தையும் ஓரத்திலிருந்து உரியுங்கள். ஈர வாடை வருகிறதா? ஸ்குரூ டிரைவரின் முனையால் தகரத்தில் குத்துங்கள். 'டங்' என்று திரும்பினால் நல்லது. மண்ணிறப் பொடி உதிர்ந்து முனை கொஞ்சம் இறங்கினால் கறள் தொடங்கிவிட்டது, வெட்டி ஒட்டலாம். முனை நேரே உள்ளே போய் முற்றத்து மணல் தெரிந்தால், அது வேறு கதை. பிறகு கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டத்தின் நெடுக ஒரு சின்னக் காந்தத்தை நகர்த்துங்கள். காந்தம் வழுக்கி விழுகிற இடத்தில் இரும்பு இல்லை, பட்டி பூசிப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள். கடைசியாகக் கராஜில் காரை உயர்த்தி பிரேக் குழாய்களைப் பார்க்கச் சொல்லுங்கள். பிரேக்கில் மட்டும் பேரம் பேசாதீர்கள், ஏ.சி. இல்லாமல் ஓடலாம்.

தகரம் தாங்குமென்றால் என் பதில் இதுதான்: சன்னியை இன்னும் இரண்டரை வருடம் வைத்திருங்கள். ஏன் இரண்டரை என்று சொல்கிறேன்.

மகளுக்குப் பன்னிரண்டு வயது என்று ஏன் எழுதினீர்கள் என்பது எனக்கு விளங்குகிறது. சாமத்திய வீடு வந்தால் நகை கையில் இருக்கவேண்டும். ஆகவே கிடைக்கிற காசையெல்லாம் நகைக்குப் போட உங்கள் மனம் சொல்லும். ஆனால் உங்கள் வீட்டில் தீப்பிடித்திருப்பது கார்ட். 26 வீதம், நீங்கள் கட்டும் 17,000 இல் 7,300 க்கு மேல் வட்டிக்கே போகிறது. அதைவிட மோசம், அந்தக் குறைந்தபட்சத் தொகை மீதியின் 5 வீதம் என்பதால் மீதி குறையக் குறைய அதுவும் குறைந்து, கடனை இழுத்துக்கொண்டே போகும்.

சீட்டை நடத்தும் தாச்சியைப் போய்ப் பாருங்கள். 12 ஆவது ஆளோடு மாற முடியுமா என்று கேளுங்கள். கார்ட் வட்டியில் மிச்சம் பிடிப்பதில் ஐயாயிரம் அவருக்குக் கொடுத்தாலும் நட்டமில்லை. சீட்டில் வருகிற 2 இலட்சத்தை அன்றைக்கே கார்ட்டில் கட்டுங்கள். மீதி 140,000. குறைந்தபட்சம் எவ்வளவு என்று பில்லில் எழுதியிருந்தாலும் பார்க்காமல் அதே 17,000 ஐக் கட்டிக்கொண்டு வந்தால் பத்து மாதத்தில் முடிந்துவிடும். அதுவரை கார்ட் அலுமாரியில் இருக்கட்டும். சீட்டும் கிட்டத்தட்ட அதே நேரத்தில் முடிகிறது. அங்கேயிருந்து மாதம் 27,000 விடுபடும். நகை வட்டிக்கு இப்போது ஒதுக்கும் 7,500 உம் சேர்த்து 34,500 ஐ அடைவுக்குத் திருப்பினால் 6 இலட்சமும் இருபது மாதத்துக்குள் தீரும். பத்தும் இருபதும் முப்பது மாதம்.

சிட்டை மூன்றில் சின்னது மகளின் காப்பு, 120,000 என்று எழுதியிருக்கிறீர்கள். காருக்கு இனி மாதம் 7,500 தனியாக ஒதுக்கினால் போதும் என்பது என் மதிப்பீடு. போன வருடத்தோடு ஒப்பிட்டால் 8,000 மிஞ்சும். கணக்குப் பார்த்தால் அந்த 8,000 உம் கார்ட்டுக்குத்தான் போகவேண்டும். ஆனாலும் அதைக் காப்புச் சிட்டைக்குக் கட்டுங்கள். முதல் வருட முடிவில் அலுமாரிக்குள் ஏதாவது திரும்பி வந்தால்தான் மிச்சத்துக்கு மனம் தாங்கும். வெறும் கணக்கில் நிற்க முடியாமல் பாதியில் விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: தங்கம் விலை ஏறியிருப்பதால் சிட்டை புதுப்பிக்கப் போகும்போது, "இதே நகைக்கு இன்னும் காசு எடுக்கலாமே" என்று கவுண்டரில் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நீங்களும் சிரித்துவிட்டு வாருங்கள். வீட்டுக் கடனை அதன் பாட்டுக்கு விடுங்கள்.

உங்களோடு தினமும் இரண்டு ஆசிரியைகள் காரில் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்றோல் காசைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கேட்க வெட்கம் என்று நினைக்கிறேன். 2014 இல் மண்முனைப் பாலம் திறக்கமுதல் இதே பயணத்துக்குப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில் ஏறி, வெயிலில் நின்று அக்கரைக்குப் போனவர்கள் நம் ஆசிரியர்கள். யாரும் ஓசியில் போகவில்லை. ஆளுக்கு மாதம் 3,000 தரச் சொல்லுங்கள். தருவார்கள், நீங்கள் கேட்கவேண்டும் என்று அவர்களும் காத்திருப்பார்கள்.

நீங்கள் கேட்காத ஒரு வழியும் இருக்கிறது. சன்னியை 28 இலட்சத்துக்கு விற்று, 18 இலட்சத்துக்குள் ஒரு மாருதி 800 போன்ற சின்னக் கார் எடுத்தால், கார்ட் 340,000, நகை 6 இலட்சம் இரண்டையும் ஒரே நாளில் முடிக்கலாம். மாதம் 24,500 அடுத்த மாதமே விடுபடும். காகிதத்தில் இதுதான் எல்லாவற்றிலும் நல்லது. ஆனால் பத்து வருடம் பழகிய ஒரு பழைய காரைக் கொடுத்து, யாரோ பழகிய இன்னொரு பழைய காரை வாங்குகிறீர்கள். அதன் கம்பளத்துக்குக் கீழே என்ன இருக்கிறதோ. அம்மாவும் அதில் முழங்காலை மடித்து ஏறி இறங்கவேண்டும். ஆகவே இதை இரண்டாவது இடத்தில் வைக்கிறேன். சீட்டு மாறக் கிடைக்காமல், வேலை ஏதும் தடுமாறி, கார்ட்டில் இன்னும் ஏறத் தொடங்கினால் இதை எடுங்கள், யோசிக்க வேண்டாம். கணவரிடம் இதை முதலில் சொல்லிவிடாதீர்கள். வேகன்ஆர் கனவில் இருப்பவருக்கு மாருதி என்றால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அவருடைய பக்கத்தையும் சொல்லவேண்டும். கல்யாண உடுப்போடு பாலத்தில் பொனற்றைத் திறந்துகொண்டு நின்றது அவர். சொந்தக்காரர் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனதும் அவருக்குத்தான் கேட்டது. அந்த வெட்கம் பொய்யில்லை, ஆனால் அதன் விலை மாதம் 40,000 ஆக இருக்கக்கூடாது. தம்பி பிணை நிற்கப்போவதையும் அவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். இரண்டு தவணை பிந்தினால், கிரிப் என்ற கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் அது உங்கள் பெயரோடு தம்பியின் பெயரிலும் வரும். நாளைக்கு அவர் வீடு கட்டக் கடன் கேட்டுப் போகும்போது அது மேசையில் இருக்கும். வாகனப் பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கும்வரை கார் உங்களுடையதும் இல்லை. தவணை நின்றால் வாசலில் வந்து எடுத்துக்கொண்டு போவார்கள், அதையும் சொந்தக்காரர் பார்ப்பார்கள்.

ஸ்குரூ டிரைவர் நேரே உள்ளே போனால், அல்லது கியர்பெட்டிக்கு 3 இலட்சத்துக்கு மேல் கொட்டேஷன் வந்தால், நான் சொன்ன இரண்டரை வருடத்தை மறந்துவிடுங்கள். இருக்கிறதை இருக்கிறபடி சொல்லிக் கிடைக்கிற விலைக்கு விற்று, அந்தக் காசுக்குள் அடங்குவதை வாங்குங்கள். கிளினிக் நாளுக்கு ஓட்டோ பிடித்தாலும் மாதத்தில் இரண்டு தரம்தான்.

சீட்டின் 12 ஆவது முறைக்கு இன்னும் எத்தனை நாள் என்று நீங்கள் எழுதவில்லை. தாச்சியிடம் இந்தக் கிழமையே போங்கள். ஞாயிற்றுக்கிழமைக் கம்பள வேலைக்குக் கணவரையும் கூப்பிட்டு, ஸ்குரூ டிரைவரை அவர் கையிலேயே கொடுங்கள். 'டங்' என்றதா, மணல் தெரிந்ததா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.